மூன்று மாதம் கடந்தால் புகாரே அளிக்க முடியாதா?

படப்பிடிப்பில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் மூன்று மாதத்துக்குள் புகார் அளிக்காவிட்டால் சட்டம் கைவிட்டுவிடும் என்றும், தினக்கூலிக்கு வரும் துணை நடிகையருக்குச் சட்டமே பொருந்தாது என்றும் கோடம்பாக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் உலவும் செய்தி தவறானது.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் சொல்லப்படும் மூன்று மாதம், விசாரணைக் குழுவிடம் புகார் அளிப்பதற்கான காலம் மட்டுமே. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு அதை மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். காவல் நிலையத்தில் அளிக்கும் குற்றப் புகாருக்கு இந்த வரம்பு கிடையாது. பாலியல் வன்புணர்வு போன்ற கடுங்குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லை.

தினக்கூலி, ஒப்பந்த, தற்காலிகப் பணியாளர் அனைவரையும் அச்சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தொல்லை கொடுத்தவர் சம்பளம் தரும் தயாரிப்பாளரே என்றால் (வதந்தியைப் பரப்புவோர் வசதியாக மறப்பது இதைத்தான்) மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை நேரடியாக அணுகலாம்.