சிறைப்பறவைகள் அல்லர், முன்னாள் ராணுவ அதிகாரிகள்

அயர்லாந்து விடுதலைப் போரைப் பற்றி வாசிக்கத் தொடங்குபவர் விரைவிலேயே ஒரு கதையைச் சந்திப்பார்: கிளர்ச்சியை ஒடுக்க அயர்லாந்துக் காவல்துறையில் சேர்க்கப்பட்ட ‘பிளாக் அண்ட் டான்ஸ்’ என்போர் இங்கிலாந்துச் சிறைகளைத் திறந்து திரட்டிய குற்றவாளிகள் என்பது அது. டி. எம். லீசன் 2011-இல் வெளியிட்ட ‘தி பிளாக் அண்ட் டான்ஸ்’ நூலைப் படித்தபின், இந்தக் கதை பிரிட்டிஷ் அரசுக்கே வசதியானது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் முதல் உலகப் போர் முடிந்து வேலையின்றி நின்ற சாதாரண மனிதர்கள் என்று அவர் காட்டுகிறார்.

பல எழுத்துகள் இரு படைகளை ஒன்றாகக் குழப்புகின்றன. 1920 தொடக்கத்தில் அயர்லாந்துக் காவல்துறையான ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியில் சேர்ந்த பிரிட்டிஷ்காரர்கள், சீருடைப் பற்றாக்குறையால் காவல்துறையின் கரும்பச்சையையும் ராணுவக் காக்கியையும் கலந்து அணிந்தார்கள். ‘கருப்பும் பழுப்பும்’ என்று பொருள்படும் பட்டப்பெயர் அப்படி வந்தது. அவர்களுக்கு நாளொன்றுக்குப் பத்து ஷில்லிங். அவ்வாண்டு ஜூலையில் தொடங்கிய ஆக்சிலரி (துணைக் காவல்) பிரிவுக்கு முன்னாள் ராணுவ அதிகாரிகளைச் சேர்த்தார்கள். நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது இரு மடங்கு.

அந்த ‘கனவான்கள்’ செய்ததைத்தான் கார்க் நகரம் கண்டது. 1920 டிசம்பர் 11 இரவு நகரின் நடுப்பகுதி எரிந்தது. நகர மண்டபமும் கார்னகி நூலகமும் சாம்பலாயின. பின்னர் ஆக்சிலரிகள் சிலர், கருகிய தக்கையைத் தொப்பியில் செருகித் திரிந்தார்கள். ஆங்கிலத்தில் தக்கைக்கும் கார்க் என்றே பெயர். குடித்துவிட்டு நிலைதடுமாறியவர்களின் செயல் என்று தீவைப்பை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதை விடிந்த பிறகும் தொப்பியில் சூடிக்கொள்ள, தட்டிக்கேட்க ஆளில்லை என்ற நம்பிக்கை வேண்டும். நகரத்தாரே கொளுத்தியிருக்கலாம் என்ற தொனியில் அமைச்சர் ஹேமர் கிரீன்வுட் நாடாளுமன்றத்தில் பேசினார். தீவைப்பைப் பற்றி ராணுவத் தளபதி ஸ்ட்ரிக்லண்ட் நடத்திய விசாரணையின் அறிக்கையை அரசு வெளியிடவே இல்லை.

1920 நவம்பரில் ஐரிஷ் குடியரசுப் படை (ஐஆர்ஏ) கில்மைக்கேலில் நடத்திய பதுங்கித் தாக்குதலில் ஆக்சிலரிகள் சரணடைவதுபோல் நடித்தார்களா என்ற சண்டை, அதை வழிநடத்திய டாம் பாரியின் 1949 நினைவுக்குறிப்புக்கும் வரலாற்றாசிரியர் பீட்டர் ஹார்ட்டின் 1998 நூலுக்கும் இடையே இன்னும் ஓயவில்லை. அதற்கு இவ்வளவு மை செலவழித்தது அதிகம் என்பேன். அதைவிட முக்கியமானது ஆக்சிலரி தளபதி குரோசியரின் விலகல். டிரிம் என்ற ஊரில் கொள்ளையடித்ததற்காகத் தாம் நீக்கிய ஆக்சிலரிகளைக் காவல்துறைத் தலைவர் டியூடர் மீண்டும் சேர்த்துக்கொண்டதால், அந்தப் பிரிவின் தளபதியே 1921 பிப்ரவரியில் பதவியைத் துறந்தார்.

சூழ்நிலையே இம்மனிதர்களைக் கெடுத்தது என்கிறார் லீசன். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்தச் சூழ்நிலையை அமைத்தவர்களுக்கும் பெயரும் பதவியும் உண்டு. 1922-இல் படை கலைக்கப்பட்டதும், இவர்களில் நூற்றுக்கணக்கானோரை அதே அரசு பாலஸ்தீனத்துக்குக் காவல் பணிக்கு அனுப்பியது.