துடைத்துவிட்டுத்தானே உட்கார்ந்தேன்!

துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இதை யாரிடம் போய் சத்தியம் செய்து சொல்வது? ராத்திரி முழுக்க மழை. காலையில் பைக்கை எடுக்கும்போது பழைய பனியன் துணியால் சீட்டை ஒரு முறை துடைத்தேன். துணியைப் பிழிந்துவிட்டு இன்னொரு முறை துடைத்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. சரி என்று ஏறிக் கிளம்பினேன். முதல் சிக்னல் வரை ஒன்றுமில்லை. இரண்டாவது சிக்னலில் லேசாகச் சில்லென்று இருந்தது. அலுவலகத்தில் இறங்கும்போது பின்பக்கம் முழுக்க ஈரம். அன்றைக்குப் பார்த்து வெளிர் நிற பேன்ட். வாசலில் நின்ற ஒருவர் பார்த்தார், பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால்கூட விளக்கம் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே! அவர் மனதில் என்ன நினைத்தார் என்று யோசித்து யோசித்தே அன்றைய பொழுது போனது.

மேலே காய்ந்த சீட், உள்ளே குளம். இதுதான் என் வண்டியின் நிலைமை.

ஒரு சீட்டைக் கழற்றிப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு. அதன் மேல் பாலியூரித்தேன் நுரை, நாம் ஸ்பாஞ்ச் என்கிறோமே அதுதான். அதை இழுத்துப் போர்த்தி, அடித்தட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்திய ரெக்சின். ரெக்சின் வழியாகத் தண்ணீர் போகாது, தையல் வழியாகப் போகும். ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. ஸ்பாஞ்சுக்குள் இருக்கும் குட்டிக் குட்டி அறைகள் ஒன்றுக்கொன்று திறந்தே கிடப்பவை. அதனால்தான் அது அமுங்கி எழுகிறது, அதனால்தான் தண்ணீரையும் குடித்து வைத்துக்கொள்கிறது. நாம் உட்கார்ந்ததும் நம் எடை அதைப் பிழிய, போன வழியாகவே தண்ணீர் மேலே வருகிறது. இதில் கொடுமை, ஓட்டுபவர் இடமும் பின்னால் உட்காருபவர் இடமும் சேரும் பள்ளத்தில்தான் பெரிய தையல் ஓடுகிறது. மழைத் தண்ணீர் தேங்குவதும் அதே பள்ளத்தில்தான். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவரை ஒரு மழைநாளில் என் வண்டியில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும்.

ஆனால் மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. மூன்று வருடம் நனைந்தும் ஒழுகாத சீட், ஒரே நாளில் ஒழுக ஆரம்பித்தது. வண்டி கழுவும் இடத்தில் விட்ட நாள் அது.

நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தில் ஒட்டிய சேற்றை அடித்துத் தள்ளிய அதே வேகத்தோடு, அதே குழாயை அப்படியே சீட்டின் தையலுக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடித்தார் அந்தத் தம்பி. "தம்பி, சீட்டுக்கு அது வேணாம்ப்பா, துணியால துடைச்சா போதும்" என்றேன். "நீங்க போய் உக்காருங்க சார், நாங்க பாத்துக்குறோம்" என்றார். பார்த்துக்கொண்டார்! எஃகு மேல் காய்ந்த மண்ணையே பெயர்க்கிற அழுத்தம், வருடக்கணக்கில் வெயில் தின்ற நூலை விட்டுவைக்குமா? தையல் வாய் திறந்தது. அன்றைக்கு உள்ளே போன தண்ணீர் காயவே இல்லை என்பதுதான் என் சந்தேகம்.

அதோடு விட்டாரா? இல்லை. நான் கேட்காமலே ஒரு பாலிஷ் புட்டியை எடுத்து, கையிலிருந்த ஸ்பாஞ்சுத் துண்டில் ஊற்றி, சீட் முழுக்கத் தேய்த்தார். "பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு." இருந்தது. என் முகமே அதில் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் குறுக்கே ஒருவர் வந்தார், பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. சறுக்கிப் போய் டேங்கில் மோதினேன். எங்கே பட்டது என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். மறுநாள் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியபோது ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் என் முதுகில் வந்து இடித்தாள். "வேணும்னே பிரேக் போடறீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பாலிஷ் புட்டிக்காரரால் எனக்குக் குடும்பத்திலும் கெட்ட பெயர்.

எனக்கு ஆத்திரமெல்லாம் இந்தப் பளபளப்பு மோகத்தின் மேல்தான். டேங்க் மின்னட்டும், சைலன்சர் மின்னட்டும், கண்ணாடிகள் மின்னட்டும். சீட் எதற்கய்யா மின்ன வேண்டும்? வழுக்கக் கூடாது என்றுதான் ரெக்சினில் சொரசொரப்பான அச்சு வைத்துத் தயாரிக்கிறார்கள். அதன் மேல் பாலிஷ் என்று சிலிக்கோன் எண்ணெயைப் பூசி வழவழப்பாக்குவது, படிக்கட்டில் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அழகாக இருக்கிறது என்பது மாதிரி. போகட்டும், ஒரு தடவை கழுவினால் போய்விடுமா என்றால் அதுவும் இல்லை. சோப்புப் போட்டு நாலைந்து முறை தேய்த்த பிறகுதான் பிடிமானம் திரும்பியது. பிற்பாடு சீட்டில் ஒரு சின்னக் கிழிசலை ஒட்டலாம் என்று பார்த்தால், சிலிக்கோன் மிச்சம் இருந்த இடத்தில் பசை பிடிக்கவே மாட்டேன் என்கிறது. இதே பாலிஷ் ஒரு கை தவறி டயரின் தரையில் படும் பக்கத்திலோ பிரேக் டிஸ்க்கிலோ பட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம் ஆலோசனை சொல்பவர்கள். சீட் என்று வாயைத் திறந்தால் போதும், வரிசை கட்டி வருகிறார்கள். "பெட்ரோல் தொட்டுத் துடைங்க, அழுக்கெல்லாம் ஓடிடும்." "தின்னர் போடுங்க." "மண்ணெண்ணெய்தான் பெஸ்ட்." அழுக்கு ஓடும், உண்மைதான். கூடவே சீட்டின் உயிரும் ஓடும். ரெக்சின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் துணி மேல் பிவிசி பூசியது. பிவிசி இயல்பிலேயே விறைப்பான பொருள், தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான். அதை மடங்குகிற தோல் மாதிரி ஆக்குவது அதில் கலந்திருக்கும் மென்மையாக்கி. 1926இல் வால்டோ செமன் என்ற அமெரிக்க வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு எதையோ தேடப்போய் இந்த வளையும் பிவிசியில் வந்து நின்றார். அவர் கஷ்டப்பட்டு உள்ளே வைத்ததை நாம் ஒரு துணி பெட்ரோலில் வெளியே எடுக்கிறோம்! பெட்ரோலும் தின்னரும் அந்த மென்மையாக்கியைக் கரைத்து இழுத்துவிடும். துடைத்த அன்றைக்குப் புதுசு மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் அட்டை மாதிரி விறைத்து, நாம் உட்காரும் இடத்திலேயே வெடிப்பு விடும்.

(ரெக்சின் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் தயாரான செயற்கைத் தோலின் வணிகப் பெயர் அது. துணி மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. அந்தச் சரக்கு போய்விட்டது, பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.)

வெயிலும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் நிதானமாக. சூடும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து மென்மையாக்கியை வெளியேற்றி, நூலையும் நைய வைக்கின்றன. நிழல் தேடி நிறுத்தலாம் என்றால், கிடைக்கிற ஒரே நிழலில் யாராவது ஏற்கெனவே நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியே கிடைத்தாலும் மரத்தின் மேல் பறவைகள். அவற்றின் எச்சத்தைக் காய விட்டால் கறை பிடித்துக்கொள்கிறது. அவசரப்பட்டு உலர்ந்த எச்சத்தைச் சுரண்டினால் கீறல் விழுகிறது. ஈரத் துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊற வைத்து எடுக்க வேண்டும். அலுவலகத்துக்கு நேரமாகும்போது யாருக்கு அந்தப் பொறுமை?

பூனையைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கிருந்து வருகிறதோ தெரியாது. வண்டி நிறுத்தி எஞ்சின் சூடு ஆறுவதற்குள் சீட்டில் சுருண்டு படுத்திருக்கும். படுத்தால் பரவாயில்லை. எழுந்ததும் முன்னங்காலை நீட்டி, முதுகை வளைத்து, நகத்தை ரெக்சினில் நன்றாகப் பதித்து ஒரு சோம்பல் முறிக்கும் பாருங்கள்... தையல் ஓட்டை போதாதென்று பூனை தன் பங்குக்கு இருபது ஓட்டை. விரட்டினால் ஓடாது. திரும்பி என்னைப் பார்க்கும், ஏதோ நான்தான் அதன் படுக்கையில் உட்கார வந்தவன் மாதிரி.

இதற்கெல்லாம் தீர்வு என்று ஒருவர் எலாஸ்டிக் வைத்த மேலுறை மாட்டச் சொன்னார். மாட்டினேன். கீறல் நின்றது, ஈரம் கூடிவிட்டது. உறைக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிய தண்ணீருக்கு வெளியே வர வழியே இல்லை. ஒரு வாரம் கழித்துக் கழற்றினால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, மூக்கைப் பிடிக்கும் வாடை. கழற்றித் தூக்கிப் போட்டேன்.

இத்தனைக்கும் சீட்டுக்குத் தேவை ஒரு சின்ன வாளித் தண்ணீர், சில சொட்டு மிதமான ஷாம்பு, மென்மையான பிரஷ். அவ்வளவுதான்! முதலில் தூசியைத் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மண்ணை வைத்தே தேய்த்துக் கீறுவோம். நுரையை மட்டும் பிரஷ்ஷில் எடுத்து, அச்சின் சந்துகளில் வட்டமாகத் தேய்த்து, பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. சீட்டின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. பிளீச்சை நினைக்கவும் வேண்டாம், நூல் நைந்துவிடும். ஜீன்ஸ் சாயம் ஏறியிருந்தால் ஒரே நாளில் போகாது, இரண்டு மூன்று தடவை பொறுமையாகச் செய்ய வேண்டும். மினுமினுப்பில்லாத, தண்ணீர் கலந்த வினைல் (பிவிசி ரெக்சின்) பாதுகாப்புப் பூச்சுகள் கிடைக்கின்றன, வெயிலுக்கு அவை நல்லது. அசல் தோல் சீட் என்றால் கதையே வேறு, அதற்குத் தனி சோப்பு, தனி கண்டிஷனர். என் வண்டிக்கு அந்த யோகம் இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நான் எத்தனை தடவை செய்தேன் என்று கேட்காதீர்கள். கோபத்தில் பாதி என் மேல்தான்.

இப்போது சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டேன். பெரிய துண்டை மேலே போட்டு முழங்காலால் அழுத்தி எடுத்ததில் துண்டு இரண்டு முறை நனைந்தது. பிறகு தையல் கீழே இருக்கும்படி சுவரோரம் சாய்த்து, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே என்று வீட்டில் கேட்டார்கள். ரெக்சின் வெடிக்கும் என்று நீளமாக விளக்கம் சொன்னேன். "சீட்டுக்குக் காத்து, எங்களுக்குப் புழுக்கமா?" என்று பதில் வந்தது. நன்றாகக் காய்ந்த பிறகு பின்களைப் பெயர்த்து, ஸ்பாஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்து, தையலை உள்பக்கமாக அடைத்துத் திரும்பப் போர்த்தச் சொல்லி யாரிடமாவது கொடுக்க வேண்டும். கொடுக்கும் இடத்தில் பாலிஷ் புட்டி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

இன்றோடு மூன்று நாள் ஆகிறது. பேருந்தில்தான் போய் வருகிறேன். காலையில் கிளம்பும்போது, காய்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில், சீட்டைக் கையால் ஓர் அழுத்து அழுத்தினேன்.

தரையில் சொட்டியது.