காசு மட்டும் காணாது

வெளிநாட்டு மிஷனரிகளுக்கு மாதாமாதம் காசு போய்ச் சேர்ந்தால் அவர்களை அனுப்பிய திருச்சபையின் கடமை முடிந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், மனைவியைக் கப்பற்பயணத்திலேயே பறிகொடுத்தவர். இங்கே பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே இறந்துபோனார். ஊரிலிருந்து ஒரு ஆறுதல் கடிதம் வரவே மாதக்கணக்காகும் காலம் அது. இன்று ஒரு வாட்ஸ்அப் அழைப்புப் போதும், அதைக்கூட எத்தனை சபைகள் செய்கின்றன? வேதாகமத்தில் பிலிப்பி பட்டணத்துச் சபை அப்போஸ்தலன் பவுலுக்கு உதவியை மட்டுமா அனுப்பியது, கூட இருந்து கவனிக்கத் தங்களில் ஒருவரான எப்பாப்பிரோதீத்துவையும் அல்லவா அனுப்பியது! அப்புறம், விடுமுறையில் ஊருக்கு வருகிற மிஷனரிகளை ஞாயிறுதோறும் மேடையேற்றி அறிக்கை கேட்காமல், முதலில் ஓய்வெடுக்க விடுங்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதிக்கு அலையவும் சபையிலிருந்து யாராவது கூடப் போக வேண்டும்.