ஜன்னலோரம் கடலோர வீடுகளுக்கு ஆகாது
கணினிப் பெட்டியை ஜன்னலோரம் வைத்தால் சூடு தங்காது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உள்நாட்டு ஊர்களுக்கு அது சரி; ராமேஸ்வரத்தை அடுத்த எங்கள் மண்டபம் ஊரில் செல்லாது. இங்கே வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கிலிருந்து வாடையடித்தாலும் தென்மேற்கிலிருந்து கச்சானடித்தாலும் வீட்டுக்குள் வருவது உப்புக் காற்றுதான். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசியும். விசிறி உள்ளிழுக்கும் தூசியோடு அது மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) படிந்தால் உலோகத்தை அரித்துவிடும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் தம்பியின் பெட்டியைத் திறந்தபோது திருகுகள் துருவேறியிருந்தன, செம்பு முனைகளில் பச்சைப் பொருக்கு. இரவில் கணினியை அணைத்துவிட்டால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார்; அது இங்கே உதவாது. ஓடும் பெட்டியின் வெதுவெதுப்புதான் ஈரத்தைக் கொஞ்சமாவது விரட்டுகிறது. அணைத்து ஆறிய பிறகுதான் கசிவு கூடும். காற்று நேராக அடிக்காத உள்ளறைச் சுவரோரம் வையுங்கள், முன்பக்க வலைச்சல்லடையை அடிக்கடி கழற்றித் துடையுங்கள்.