அந்தக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்?

ரயில் நிலையத்தோடு சேர்ந்தே இருக்கும் ஹோட்டல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரப் பயணம் எழுத வைத்துவிட்டது.

எனக்குக் கணக்குத் தணிக்கை வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். பெரும்பாலும் ரயில், பெரும்பாலும் தனியாக. பகல் முழுக்க ஒரு ஊரில் வேலை, சாயங்காலம் கிளம்பி ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு அடுத்த ஊர், காலை ஒன்பதுக்கு அங்கே மீட்டிங். பதினைந்து வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் எனக்குக் கஷ்டமே இல்லை, படிப்பேன், தூங்குவேன். அறைக்குள் போய்விட்டாலும் கவலை இல்லை. நடுவில் இருக்கிறதே, பிளாட்பாரத்தில் கால் வைத்ததிலிருந்து அறைக் கதவைச் சாத்தித் தாழ் போடும் வரைக்கும் உள்ள அரை மணி, முக்கால் மணி நேரம், அதுதான் ஆளை வாட்டிவிடும்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எந்த வாசல் வழியாக வெளியே போவது, டாக்சி எந்தப் பக்கம் நிற்கும், ஏறின வண்டி சரியான வழியில்தான் போகிறதா என்று மேப்பைப் பார்த்துக்கொண்டே வருவது, அதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டே போவது. அந்த முக்கால் மணி நேரத்தை ஐந்து நிமிடமாக்கித் தருகிற ஹோட்டல் எனக்கு எந்த நட்சத்திர ஹோட்டலையும் விட மேல். ரயிலை விட்டு இறங்கி, டிக்கெட் கேட்டைத் தாண்டி, கூரை போட்ட பாதையில் பெட்டியை உருட்டிக்கொண்டே போனால் வரவேற்பறை. மழையானாலும் நனைய வேண்டாம். யாரிடமும் வழி கேட்க வேண்டாம்.

அறை சின்னதுதான். கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் பெட்டியைத் திறந்து வைத்தால் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். நான் ராத்திரி பதினொன்றுக்கு வந்து காலை எட்டுக்குக் கிளம்புகிறவள். எனக்கு வேண்டியது நல்ல மெத்தை, வெளிச்சத்தை முழுதாக அடைக்கிற திரை, வெந்நீர், லேப்டாப் வைக்க ஒரு மேஜை, தலைமாட்டில் ஒரு பிளக் பாயின்ட். இத்தனையும் அந்தச் சின்ன அறையில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பெரிய அறையாக இருந்தால் அதற்கும் சேர்த்துத்தானே காசு வாங்குவார்கள்?

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. லண்டனில் யூஸ்டன் நிலையம் திறந்தது 1837இல். இரண்டே வருஷத்தில், 1839இல், அதன் முன்னாலேயே ஹோட்டல் வந்துவிட்டது. பாடிங்டன் நிலைய ஹோட்டல் 1854. பாரிஸில் 1900இல் திறந்த ஓர்சே நிலையத்தை ஹோட்டலோடு சேர்த்தேதான் கட்டினார்கள். அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ரயில் எங்கே போனதோ அங்கே படுக்கையும் கூடவே போயிருக்கிறது.

இவற்றில் எனக்கு மறக்க முடியாத கதை லண்டன் செயின்ட் பாங்கராஸ் நிலையத்தின் மிட்லாண்ட் கிராண்ட் ஹோட்டல். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்து 1873இல் திறந்தது. சிவப்புச் செங்கல், கூரான கோபுரங்கள், மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் பிரிந்து ஏறும் மாடிப்படி என்று அரண்மனை மாதிரி இருக்கும். ஆனால் அறைகளுக்குள் குளியலறை கிடையாது. பணியாட்கள் தண்ணீர் சுமந்துகொண்டு மாடி ஏறினார்கள். தீப்பிடிக்கக் கூடாது என்று தளங்களை அவ்வளவு கனமாகக் கட்டியிருந்தார்கள், காலம் மாறி அறைக்கு அறை குளியலறை வேண்டும் என்று ஆனபோது குழாய் பதிக்க வழியில்லாமல் போனது. 1935இல் மூடிவிட்டார்கள். அப்புறம் ரயில்வே அலுவலகமானது. 1960களில் இடிக்கவே பார்த்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் குரல் கொடுத்து, 1967இல் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவிக்க வைத்தார்கள். மறுபடி அங்கே ஹோட்டல் திறந்தது 2011இல். நடுவில் 76 வருஷம் போய்விட்டது. அத்தனை அழகான ஹோட்டலைக் கவிழ்த்ததில் ஒரு குளியலறைக்கும் பங்கு இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்காக நியூ ஒட்டானி என்ற ஹோட்டலை அவசர அவசரமாகக் கட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேல் அறைகள். ஒவ்வொரு குளியலறையிலும் ஆள் உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டினால் போட்டி தொடங்குவதற்குள் முடியாது. அதனால் டோட்டோ நிறுவனம் குளியலறைகளைத் தொழிற்சாலையிலேயே பாகம் பாகமாகச் செய்து கொண்டுவந்து பொருத்தியது. யூனிட் பாத் என்று அதற்குப் பெயர். தொட்டி, வாஷ்பேசின், டாய்லெட் மூன்றும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கம். இன்றைக்கு ஜப்பானில் நிலையத்தை ஒட்டி இருக்கும் பிசினஸ் ஹோட்டல்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கலாம். நடுத்தர வருமானக்காரர் தங்கக்கூடிய விலையில் சொந்தக் குளியலறையோடு ஒரு அறை கிடைப்பதற்கு இந்த மாதிரி வேலைதான் காரணம். கோபுரத்தை விட இந்தப் பிளாஸ்டிக் குளியலறை எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஜப்பானில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். அங்கே ரயில் நிறுவனங்களே ஹோட்டல் நடத்துகின்றன. டோக்கியோ நிலையக் கட்டடத்துக்குள் 1915இலேயே ஹோட்டல் வந்துவிட்டது. 1945இல் குண்டுவீச்சில் கட்டடத்தின் குவிமாடங்கள் போயின. 2012இல் பழையபடி கட்டி முடித்தபோது ஹோட்டலையும் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். 1997இல் கட்டிய புதுக் கியோட்டோ நிலையத்திலும் உள்ளேயே ஹோட்டல் இருக்கிறது. ரயிலில் வந்தவரை நிலைய வாசலோடு கைகழுவி விடாமல் படுக்கை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன் வேலைதான் என்று நினைக்கிற நிர்வாகம் எல்லா இடத்திலும் வர வேண்டும்.

சரி, ரயில் சத்தத்தில் தூக்கம் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாகக் கட்டியிருந்தால் வரும். சத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று காற்று வழியாக. அதற்கு நடுவில் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போதும். இன்னொன்று தண்டவாளத்திலிருந்து மண்ணுக்கும் அஸ்திவாரத்துக்கும் போய்ச் சுவர் வழியாக ஏறி வருகிற அதிர்வு. இதை ஜன்னலால் தடுக்க முடியாது, கட்டும்போதே தண்டவாளத்துக்கு அடியிலோ கட்டடத்துக்கு அடியிலோ ரப்பர் வைத்துத் தடுக்க வேண்டும். நாம் செய்யக்கூடியது மேல்தள அறையாகக் கேட்பது. தண்டவாளம் பிரிகிற இடத்துக்கு நேர் மேலே இருக்கும் அறை வேண்டாம் என்றும் சொல்லலாம், சக்கரம் அங்கே தடதடவென்று தட்டும். கடைசி ரயில் போன பிறகுதான் தண்டவாளப் பராமரிப்பு வேலை நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சில ராத்திரிகளில் ரயிலை விட அந்த இயந்திரங்கள்தான் அதிகம் கத்தும்.

இத்தனை தெரிந்தும் நான் தண்டவாளம் பார்த்த அறையைத்தான் கேட்டு வாங்குவேன். போன வாரமும் அப்படித்தான். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கீழே அன்றைய கடைசி ரயில் காலியாக நின்றது. துப்புரவுப் பணியாளர் ஒருவர் பெரிய பையோடு ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இருக்கையில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையை எடுத்தார். அதைப் பையில் போடாமல் தனியாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அவர் போகப் போகப் பின்னால் பெட்டி பெட்டியாக விளக்கு அணைந்தது. இதைப் பார்த்துவிட்டுப் படுத்தால் எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நகரத்தில் 'நிலையத்தோடு நேரடி இணைப்பு' என்று விளம்பரம் பார்த்து அறை போட்டேன். ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். இறங்கும்போது ராத்திரி பன்னிரண்டு நாற்பது. பாதை வழியாக வந்து பார்த்தால் ஷட்டர் இறக்கியிருக்கிறது. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை மூடப்படும் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஷட்டர் இடுக்கு வழியாக ஹோட்டல் பெயர்ப் பலகை வெளிச்சம் தெரிகிறது, இருபது அடி கூட இருக்காது. என் பக்கத்தில் வயதான தம்பதி. அந்த அம்மா கைத்தடி ஊன்றி நிற்கிறார். லிஃப்டையும் நிறுத்திவிட்டார்கள். படி இறங்கி, வெளியே மழையில் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு அந்த ஹோட்டல் முன்வாசலை அடைய எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. பெட்டிகளை நான் இழுத்துக்கொண்டேன், ஐயா அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

ஷட்டரைப் பற்றி நிலையக் காவலாளியிடம் கேட்டபோது அது ஹோட்டல்காரர்கள் பொறுப்பு என்றார். வரவேற்பறையில் கேட்டபோது அது நிலையத்தின் பொறுப்பு என்றார்கள். இரண்டு பேருமே பணிவாகத்தான் பேசினார்கள். அந்த அம்மாவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. பகல் இரண்டு மணிக்கு வருகிறவருக்கு அந்தப் பாதை ஒரு வசதி, அவ்வளவுதான். நள்ளிரவில் தாமதமாக வருகிறவருக்குத்தான் அது அவசியம். அந்த நேரத்தில் பூட்டிவிட்டு 'நேரடி இணைப்பு' என்று எழுதுவது பொய். கடைசி ரயில் வந்து சேரும் வரை, அது எத்தனை மணிக்கு வந்தாலும், அந்தக் கதவும் லிஃப்டும் இயங்க வேண்டும். பாதுகாப்புக்காகப் பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு அழைப்பு மணி வையுங்கள், அறைச் சாவி அட்டையைக் காட்டினால் திறக்கிற மாதிரி செய்யுங்கள். பெரிய செலவு இல்லை. கதவு யார் பொறுப்பு என்று இரண்டு நிர்வாகங்களும் உட்கார்ந்து ஒருமுறை முடிவு செய்தால் போதும்.

நிலையங்களைப் புதுப்பிக்கும்போது மாடி மாடியாகக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். கடை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு தளமாவது நடுத்தர விலை அறைகளுக்கு ஒதுக்குங்கள் என்கிறேன். ரயில் ரத்தாகிற ராத்திரியில் பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுக்கிறவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் தலைக்கு மேலேயே அந்த அறைகள் இருக்கலாம்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியைச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்வார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையை வீசிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, திரும்பி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு அப்படியே கீழே ரயில் ஏறிவிடலாம்.

அடுத்த வாரம் மறுபடி பயணம். ராத்திரி பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேரும் ரயில். நிலையத்தோடு சேர்ந்த ஹோட்டல் ஒன்று இருக்கிறது. நேற்று போன் செய்து, அறை எவ்வளவு என்று கேட்கும் முன்னால், நிலையத்திலிருந்து வருகிற கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டேன். எடுத்தவர் ஒரு இளைஞர். "கடைசி ரயில் வந்து அரை மணி நேரம் வரைக்கும் திறந்திருக்கும் மேடம். உங்கள் ரயில் லேட்டானால் இதே நம்பருக்குக் கூப்பிடுங்கள், நானே வந்து திறக்கிறேன்" என்றார். உடனே அறை போட்டுவிட்டேன்.