மழை பெய்கிற ஊரிலும் வறட்சி இருக்கும்

மழை கொட்டும்போது வறட்சிக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களைப் பார்த்து எனக்குச் சிரிக்கத் தோன்றுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. தோட்டத்துக்குக் குழாயால் தண்ணீர் பாய்ச்சினால் அபராதம் என்கிறது அறிவிப்பு. யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எரிச்சலிலிருந்து "வறட்சியே பொய்" என்ற முடிவுக்குத் தாவுகிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

2012 வசந்தகால இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு குளிர்காலங்கள் அடுத்தடுத்து ஏமாற்றியிருந்தன. தேம்ஸில் கலக்கும் கென்னட் ஆற்றின் தலைப்பகுதி வறண்டே போனது. ஏப்ரல் 5 அன்று தெற்கிலும் கிழக்கிலும் ஏழு தண்ணீர் நிறுவனங்கள் ஒரே நாளில் தோட்டக் குழாய்களுக்குத் தடை போட்டன. சுமார் 2 கோடிப் பேருக்கு அந்தத் தடை. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். தடை போட்ட அதே மாதம் வானம் பொத்துக்கொண்டது. 1910இல் தொடங்கும் பிரிட்டன் மழைக்கணக்கில் அதுவரை அவ்வளவு நனைந்த ஏப்ரல் இருந்ததில்லை. வறட்சி அறிவிப்பும் வெள்ள எச்சரிக்கையும் ஒரே நேரத்தில் அமலில் இருந்தன. ஜூன் 3 அன்று அரசி இரண்டாம் எலிசபெத்தின் வைரவிழாப் படகு ஊர்வலம் தேம்ஸ் நதியில் கொட்டும் மழையில் போனது. அன்றைக்கும் லண்டனில் குழாய்த் தடை நீங்கியிருக்கவில்லை. நையாண்டி செய்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் தடை போட்டவர்கள் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் குடிநீரில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியிலிருந்து, சாக் என்ற மென்மையான சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிக் கிடக்கும் தண்ணீரிலிருந்து வருகிறது. அந்தப் பாறை நிரம்புவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை. குளிரில் செடிகொடிகள் உறங்கிக்கிடக்கும், வெயில் குடிப்பதும் குறைவு, அதனால் பெய்கிற தண்ணீர் மண்ணைத் தாண்டிக் கீழே இறங்கும். ஏப்ரல் வந்துவிட்டால் கதை வேறு. மரங்கள் துளிர்க்கின்றன, புல் எழும்புகிறது, வேர்களெல்லாம் விழித்துக்கொள்கின்றன. விழுகிற மழையில் முதல் பங்கு காய்ந்த மண்ணுக்கு, அடுத்த பங்கு வேருக்கு, மிச்சத்தில் ஒரு பகுதி ஆவியாகும். பாறைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் சொற்பம்தான். ஆறும் நீர்த்தேக்கமும் பத்து நாள் மழையில் நிமிர்ந்துவிடலாம். கிணற்று மட்டத்துக்கு மாதக்கணக்கில் ஆகும்.

அந்த ஆண்டு மழை விடவே இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை அடித்த அடியில் மண் குடித்துத் தீர்த்து, மிஞ்சிய தண்ணீர் கீழே பாறைக்கும் இறங்கியது. கோடை நெருங்கும் நேரத்தில் நிலத்தடி நீர் ஏறியது அபூர்வம். ஜூன் நடுவில் சில நிறுவனங்கள் தடையை நீக்கின, மற்றவை ஜூலையில். சரி, பிழைத்தோம். பிழைத்தது அதிர்ஷ்டத்தால். ஏப்ரல் முதல் வாரத்தில் முடிவெடுக்க வேண்டியவரின் கையில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவரிடம் இருந்தது இரண்டு காய்ந்த குளிர்காலங்களின் கணக்கு மட்டும்தான்.

மக்களின் கோபத்தில் ஒரு பகுதி எனக்கும் உண்டு. லண்டனுக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் குழாய்களிலிருந்து மட்டும் அப்போது நாளொன்றுக்கு 60 கோடி லிட்டருக்கு மேல் கசிந்து வீணானது. அதை அடைக்காமல், வீட்டுக்காரர் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டால் அபராதம் என்று சொல்லும் நிறுவனத்தை யார் மதிப்பார்கள்? மழை பெய்தது என்பதைவிடப் பெரிய குற்றச்சாட்டு இதுதான். ஆனால் கேலிப் பேச்சில் அடிபட்டதென்னவோ மழைதான்.

கேலி செய்தவர்கள் விவசாயிகள் பட்ட பாட்டைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. வசந்தத் தொடக்கத்தில் பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்க விடுவார்களா என்று கவலைப்பட்டவர்கள், அதே ஆண்டு கோடையில் நனைந்த கோதுமையையும் கருகல் நோய் பிடித்த உருளைக்கிழங்கையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வறட்சிக்கு வருந்திய வயலை மழை கெடுத்தது. இதில் மழை வந்துவிட்டதே என்று யாரிடம் போய்ச் சந்தோஷப்படுவது?

கலிஃபோர்னியாவில் இதே விஷயம் இன்னும் வெளிப்படையாக நடந்தது. பெருமழைக் குளிர்காலத்துக்குப் பிறகு 2017 ஏப்ரலில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வறட்சி நெருக்கடி முடிந்தது என்று அறிவித்தார். ஆனால் ஃபிரெஸ்னோ, கிங்ஸ், துலாரே, துவாலமி என்ற நான்கு மாவட்டங்களை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்தார். அங்கே கிணறுகள் வற்றி, குடிநீருக்கே இன்னும் உதவி தேவைப்பட்டது. எனக்குப் பிடித்த அறிவிப்பு அது. மாநிலம் முழுக்க ஒரே கோடு போடாமல், எங்கே முடிந்தது, எங்கே முடியவில்லை என்று பார்த்துச் சொன்னது. அப்புறம் அந்த மழையில் தழைத்த புல் கோடையில் காய்ந்து, அக்டோபரில் நாபா, சொனோமா பக்கம் தீ பரவியபோது எரிபொருளாக நின்றது. ஈரமான பருவம் எல்லா ஆபத்தையும் கழுவிவிடும் என்று நம்புகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

2023இல் அங்கே எப்போதோ வற்றிப்போன துலாரே ஏரி திரும்பி வந்தது. பண்ணை நிலங்கள் கடல்போல் விரிந்த படங்களை உலகமே பார்த்தது. அதே துலாரே ஏரிப் படுகையைத்தான் அடுத்த ஆண்டு ஏப்ரலில் மாநில நீர் வாரியம், நிலத்தடி நீரைக் கட்டுக்குள் வைக்கப் போதிய திட்டம் இல்லை என்று சொல்லித் தன் நேரடி மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. மேலே ஏரி நிரம்பியதால் கீழே உறிஞ்சிய தண்ணீர் திரும்பிவிடவில்லை. உறிஞ்சி உறிஞ்சி அமுங்கிப்போன நிலத்தில் ஒரு பகுதி இனி எவ்வளவு பெய்தாலும் பழையபடி தண்ணீரைத் தாங்காது.

கட்டுப்பாட்டை எப்போது தளர்த்துவது என்பதற்கு மக்களின் பொறுமையும் ஒரு அளவுகோல்தான் என்று சிலர் சொல்வார்கள். மழையில் நின்றுகொண்டு தடையை மதிக்கச் சொன்னால் அடுத்த முறை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து தடையைச் சீக்கிரம் எடுப்பதல்ல, காரணத்தைக் காட்டுவது. வானிலைச் செய்தியில் இன்றைய மழை எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, அந்தப் பகுதிக் கண்காணிப்புக் கிணற்றின் மட்டம் இந்த மாதத்துக்கு வழக்கமாக எங்கே இருக்கும், இன்று எங்கே இருக்கிறது என்று ஒரு வரி போடட்டும். பல நாடுகளில் இந்த அளவீடுகள் ஏற்கெனவே எடுக்கப்படுகின்றன. வல்லுநர்கள் மட்டும் திறந்து பார்க்கும் அறிக்கைகளில் கிடக்கின்றன. கூடவே, எந்த மட்டம் வந்தால் தடை போகும் என்று தடை போடும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நிறுவனத்தின் குழாய்க் கசிவுக் கணக்கையும் அதே பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.