பெரிய பல்கலைக்கழகங்களுக்கு வேண்டியது எங்கள் ஆட்கள் மட்டும்தானா?

எங்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியை இருக்கிறார். சக்கர நாற்காலியில்தான் வகுப்புக்கு வருவார். சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்களில் பலர், செயற்கைக் கால் கையில் கிடைத்த பிறகும் அதை ஏன் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார்கள் என்பது அவருடைய பல வருடக் கேள்வி. கால் எடுத்த இடம் முதல் வருடத்தில் சுருங்கிக்கொண்டே போகும், செயற்கைக் காலில் அது உட்காரும் கிண்ணம் தளர்ந்துவிடும். அதைச் சரிசெய்து தருகிற கிளினிக் எங்கள் ஊரிலிருந்து தொண்ணூறு மைல். பஸ் கிடையாது. ஒரு பெரியவர் நான்கு சாக்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்து மாட்டிக்கொண்டு அந்தக் காலோடு சர்ச்சுக்கு நடந்து வந்ததை நானே பார்த்தேன். உள்ளே தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

இதை ஆராய்ச்சியாகச் செய்யப் பணம் கேட்டு அவர் அரசுக்கு மூன்று முறை எழுதிவிட்டார். மூன்று முறையும் கிடைக்கவில்லை. அவருக்காக விண்ணப்பத்தைத் தயார் செய்து அனுப்புகிற வேலை என்னுடையது என்பதால் எனக்கு இது வெறும் செய்தி இல்லை.

நான் வேலை செய்வது அமெரிக்காவின் தெற்கில் ஒரு சின்ன கறுப்பினக் கல்லூரியில். மற்ற கல்லூரிகள் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் உருவானவை இவை. நாடு முழுக்க நூறு இருக்கும். இவை தவிர ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி மாணவர்கள் கால்பங்காவது படிக்கிற கல்லூரிகள் ஐநூறுக்கும் மேல், பழங்குடியினர் நடத்தும் கல்லூரிகள் தனி.

மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசில் ஒரு நிறுவனம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் சுருக்கமாக நைடிலர் என்போம். ஆண்டு பட்ஜெட் சுமார் 12 கோடி டாலர். மருத்துவ ஆராய்ச்சிக்கான என்ஐஎச்சின் பட்ஜெட்டோ 4,700 கோடி டாலர் அளவில். இந்த நாட்டில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு குறைபாடு இருக்கிறது என்று நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் படிக்க ஒதுக்குவது இவ்வளவுதான்.

சரி, அந்தப் பன்னிரண்டு கோடியில் எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு என்ன உறுதி? மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒரு சதவீதத்தை ஒதுக்கச் சொல்கிறது. 1992 திருத்தத்தில் வந்த பிரிவு. சிறுபான்மை மாணவர்கள் பாதிக்குக் குறையாமல் இருக்கும் மற்ற கல்லூரிகளும் அதில் சேர்த்தி. ஒரு சதவீதம் என்றால் சுமார் 12 லட்சம் டாலர். ஒரு சின்ன ஆராய்ச்சித் திட்டத்துக்கு வருடத்துக்கு இரண்டு லட்சம் என்று வைத்தால் ஆறு திட்டம். அறுநூறு கல்லூரிக்கும் மேல், ஆறு திட்டம்! நைடிலர் வேறு வழிகளிலும் கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் கையடித்துத் தருகிற பங்கு அவ்வளவுதான்.

பணம் குறைவு என்பதைவிட என்னை வதைப்பது வேறு. எங்கள் பேராசிரியை ஒரு செமஸ்டருக்கு நான்கு பாடம் எடுக்கிறார். விண்ணப்பத்தை இரவு பத்து மணிக்கு மேல்தான் எழுத முடியும். நிதி விண்ணப்பங்களைக் கவனிக்கும் எங்கள் கிராண்ட் அலுவலகத்தில் இருப்பது இரண்டே பேர், நானும் இன்னொருவரும். பெரிய பல்கலைக்கழகத்தில் பட்ஜெட் போட ஒருவர், புள்ளியியலுக்கு ஒருவர், வாசித்துத் திருத்த ஒருவர் என்று ஒரு படையே இருக்கும். அரசு நிதி கேட்க ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டிய ஒரு பதிவு உண்டு, சாம் என்பார்கள். ஒரு வருடம் அதைக் கவனித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கடைசி வாரத்தில்தான் பதிவு காலாவதி ஆகியிருப்பது தெரிந்தது. ஓடி ஓடிப் பார்த்தோம், நடக்கவில்லை. எழுபது பக்க விண்ணப்பம் என் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. அதை அவரிடம் போய்ச் சொன்ன அந்த மதியத்தை நான் மறக்கவே முடியாது.

2011இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின விஞ்ஞானிகளுக்கு என்ஐஎச் நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு என்று காட்டியது. இதையெல்லாம் தெரிந்துதான் ஒக்லஹோமாவில் 1897இல் தொடங்கிய லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நைடிலர் ஒரு மையத்துக்கு நிதி கொடுத்து, எங்களைப் போன்ற கல்லூரிகளின் இளம் ஆராய்ச்சியாளர்களைக் கைப்பிடித்து வளர்க்கும் வேலையைச் செய்ய வைத்தது. இந்த மாதிரி வேலைதான் பத்து வருடம் கழித்துப் பலன் தரும். ஒரு பட்ஜெட்டில் நிறுத்திவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

2025 செப்டம்பரில் கல்வித்துறை, ஹிஸ்பானிக் மாணவர்கள் அதிகம் படிக்கும் கல்லூரிகள் உட்படப் பல சிறுபான்மைக் கல்லூரிகளுக்கான சுமார் 35 கோடி டாலரை, இன ஒதுக்கீடு அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சொல்லி நிறுத்தியது. அதே மாதம் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் பழங்குடிக் கல்லூரிகளுக்கும் கூடுதல் பணம் அறிவித்தார்கள். எங்களுக்கு வந்ததே என்று என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. டெக்சஸில் ஒரு கல்லூரி ஆய்வகத்தை மூடிவிட்டு எங்களுக்குக் கதவைத் திறப்பது நியாயமே இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது நம் ஆட்களுக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிறையத் தமிழர்கள் ஆய்வுக்குழுத் தலைவர்களாக இருக்கிறீர்கள். பெரிய கிராண்டுக்கு எழுதும்போது சின்ன கல்லூரியைக் கூட்டாளியாகச் சேர்த்தால் மதிப்பெண் கூடும் என்பதால் உங்களில் சிலரிடமிருந்து எங்களுக்கு மெயில் வரும், அதுவும் டெட்லைனுக்குப் பத்து நாள் முன்னால். ஒரு முறை வந்த பட்ஜெட்டைத் திறந்து பார்த்தேன். எங்கள் பங்கு ஒரு பகுதிநேர ஆள் சம்பளம், நோயாளிகளுக்குக் கொடுக்கப் பரிசு அட்டைகள். கேள்வி மெயில் அனுப்பியவர்களுடையது, தரவும் அவர்களுடையது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ஆள் சேர்ப்பது மட்டும் எங்கள் வேலை. அலபாமாவில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிஃபிலிஸுக்குச் சிகிச்சை தராமலே அரசுச் சுகாதாரத் துறை அவர்களைக் கண்காணித்ததை இங்கே எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. அந்தக் கதவு எங்கள் பேராசிரியை தட்டினால் திறக்கிறது. அந்த நம்பிக்கையைப் பரிசு அட்டை விலைக்குக் கேட்காதீர்கள். கேள்வியை எழுதும் நாளிலேயே கூப்பிடுங்கள், பட்ஜெட்டில் பாதியையும் இணைத் தலைவர் பெயரையும் கொடுங்கள். அவருக்கு ஒரு பாடமாவது குறையும்படி சம்பளம் போடுங்கள்.

நான்காவது முறை எழுத ஆரம்பித்துவிட்டார். சாக்ஸ் மாட்டிய பெரியவரை ஆலோசனைக் குழுவில் சேர்த்திருக்கிறோம், அவருக்கான மதிப்பூதியம் பட்ஜெட்டில் முதல் வரியாக இருக்கிறது. சாம் பதிவை இந்த முறை நானே புதுப்பித்து, தேதியை எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.